வாய்மொழித் தேர்வில் சொல்லாமல் விட்ட விடை

சென்ற வாரம் என் முனைவர் பட்ட ஆய்வேட்டின் வாய்மொழித் தேர்வு நிறைவுற்றது. வாழ்த்துச் சொன்ன அனைவருக்கும் நன்றி. தனித்தனியே மறுமொழி எழுத இயலவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். அந்தத் தேர்வில் ஒரு கேள்விக்கு நான் நேர்மையாக விடை சொல்லவில்லை. அதைப் பற்றியது இப்பதிவு. சற்று நீளமானது.

பல மொழிகள் புழங்கும் வீடுகளில் வளரும் இரண்டு, மூன்று வயதுக் குழந்தைகள் வினைச்சொற்களை எப்படிக் கற்கிறார்கள், அதில் காணொளிகளுக்கு என்ன பங்கு என்பதே என் ஆய்வுப் பொருள். ஐதராபாத்தில் இருந்துகொண்டு, தெலுங்கும் உருதுவும் இந்தியும் கலந்து ஒலிக்கும் வீடுகளில் பல மாதங்கள் அமர்ந்து குறிப்பெடுத்தேன். தேர்வின் முடிவில் புறத்தேர்வாளர் ஆய்வேட்டை மூடி வைத்துவிட்டுப் புன்னகையுடன் கேட்டார்: "நன்றியுரையில் உங்கள் மகளைக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். அவள் எவ்வளவு நேரம் திரை பார்த்து வளர்ந்தாள்?"

அவையில் சிரிப்பு எழுந்தது. "அளவாகத்தான்" என்றேன். நானும் சிரித்தேன். தேநீர் வந்துவிட்டது. யாரும் அதற்குமேல் கேட்கவில்லை.

அது பொய்.

2020 மார்ச்சில் ஊரடங்கு தொடங்கியபோது மகளுக்குப் பதினான்கு மாதம். குழந்தைகள் காப்பகம் ஒரே இரவில் மூடப்பட்டது. கணவர் மருந்து உற்பத்தி ஆலையில் பணிபுரிபவர். இந்த நகரில் அந்தத் தொழில் ஒருநாளும் நிற்கவில்லை. அவர் காலையில் சென்று இரவில் திரும்புவார், வந்ததும் குளித்துவிட்டுத்தான் குழந்தையைத் தொடுவார். வீட்டில் நானும் அவளும் முடிக்க வேண்டிய இரண்டு இயல்களும் இருந்தோம். உதவித்தொகைக்குக் காலக்கெடு உண்டு. பெருந்தொற்றுக்காக அது நீட்டிக்கப்படுமா என்பது அப்போது எவருக்கும் தெரியாது. முதல் நாள் பத்து நிமிடம் கைப்பேசியைக் கொடுத்தேன். அந்தப் பத்து நிமிடத்தில் ஒரு பத்தி எழுத முடிந்தது. அந்த வாரம் முடிவதற்குள் அது ஒரு மணி நேரமாயிற்று. மழைக்காலம் வந்தபோது நாளொன்றுக்கு மூன்று மணி நேரம். சில நாட்களில் நான் கணக்கே வைக்கவில்லை. அடுத்தவர் வீட்டுக் குழந்தையாக இருந்தால் நிமிடக் கணக்கில் அட்டவணை போட்டிருப்பேன்.

இரண்டு வயது நெருங்கும்போது அவள் ஒன்று முதல் பத்து வரை ஆங்கிலத்தில் சொன்னாள். நிறங்களின் பெயர்களைச் சொன்னாள். 'ஆக்டோபஸ்' என்றாள். உறவினர்கள் மகிழ்ந்தார்கள், அதைப் பதிவுசெய்து குடும்பக் குழுவில் போட்டவளும் நான்தான். பசித்தால் மட்டும் என் விரலைப் பிடித்து இழுத்துச் சமையலறைக்குக் கொண்டுபோவாள். பசிக்கிறது என்பதற்கு அவளிடம் எந்த மொழியிலும் சொல் இல்லை.

ஒரு மாலை எங்கள் தெருக் குப்பைத்தொட்டி அருகே செவலைப் பசு ஒன்று வாழையிலையை மென்றுகொண்டு நின்றது. காணொளியில் வெள்ளையும் கறுப்புமாய்த் திட்டுத்திட்டாய், கழுத்தில் மணியோடு சிரித்துக்கொண்டே ஒரு மாடு வரும். அதைக் கண்டதும் 'கவ்' என்று கத்துவாள். நான் செவலைப் பசுவைக் காட்டி, இது என்ன என்று கேட்டேன். ஆங்கிலத்திலும் கேட்டேன். அவள் பசுவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பேசாமல் நின்றாள். பெயர் தெரியாத ஒன்றைப் பார்க்கும் பார்வை அது. பிறகு என் கையிலிருந்த கைப்பேசிக்காகக் கையை நீட்டினாள்.

இதற்கு எங்கள் துறையில் பெயர் உண்டு. 'காணொளிக் குறை' என்று தமிழில் சொல்லலாம். ஏறத்தாழ இரண்டரை, மூன்று வயதுவரை, நேரில் ஒருவர் காட்டித்தருவதை எளிதில் கற்கும் குழந்தை அதையே திரையில் கண்டால் குறைவாகக் கற்கிறது. இதைக் காட்டும் ஆய்வுகளில் எனக்கு மிகவும் பிடித்தது ஜார்ஜீன் டிராசெத், ஜூடி டிலோச் இருவரும் 1998இல் வெளியிட்டது. ஒரு பெரியவர் பக்கத்து அறையில் பொம்மை ஒன்றை ஒளித்து வைக்கிறார். குழந்தை அதைத் தொலைக்காட்சியில் நேரலையாகப் பார்க்கிறது. பிறகு அறைக்குள் அனுப்புகிறார்கள். இரண்டரை வயதுக் குழந்தை நேராகப் போய் எடுத்துவிடுகிறது. இரண்டு வயதுக் குழந்தை பெரும்பாலும் தடுமாறுகிறது. அதே காட்சியைச் சன்னல் வழியாகப் பார்க்க விட்டால் இரண்டு வயதுக் குழந்தையும் கண்டுபிடிக்கிறது. அத்தோடு அவர்கள் நிற்கவில்லை. சன்னல் சட்டத்துக்குப் பின்னால் தொலைக்காட்சித் திரையைப் பொருத்தி, சன்னல் வழியாகத்தான் பார்க்கிறோம் என்று குழந்தை நம்பும்படி செய்தார்கள். கண்ணுக்குத் தெரிந்தது அதே படம்தான். ஆனாலும் குழந்தைகள் முன்னைவிட நன்றாகக் கண்டுபிடித்தனர்! கண் பார்ப்பதில் குறையில்லை. திரையில் தெரிவது தான் நிற்கும் இவ்வுலகத்தைப் பற்றிய செய்தி என்று குழந்தை எடுத்துக்கொள்வதில்லை. திரைக்குள் இருப்பது வேறோர் ஊர். அந்த ஊர் மாடு நம் தெருவில் மேயாது.

பாட்ரிசியா குல் குழுவினர் 2003இல் வெளியிட்ட ஆய்வைப் பலரும் அறிந்திருப்பீர்கள். ஆங்கிலம் மட்டுமே கேட்டு வளர்ந்த ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளுக்கு மாண்டரின் பேசுபவர்கள் பன்னிரண்டு அமர்வுகளில், அமர்வுக்கு இருபத்தைந்து நிமிடம்போல, புத்தகமும் பொம்மையும் வைத்துக்கொண்டு பேசினார்கள். நேரில் கேட்ட குழந்தைகள் மாண்டரினுக்கே உரிய ஒலி வேறுபாட்டைப் பிரித்தறிந்தனர். அதே பேச்சை, அதே அளவு, திரையில் பார்த்த குழந்தைகளுக்கு அத்திறன் வரவில்லை. ஒலியாக மட்டும் கேட்டவர்களுக்கும் வரவில்லை.

இந்த இரண்டையும் என் ஆய்வேட்டின் இரண்டாம் இயலில் ஏழு பக்கங்களுக்கு விவரித்திருக்கிறேன். அந்த ஏழு பக்கங்களும், பக்கத்து அறையில் மகள் தனியே கைப்பேசி பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் எழுதப்பட்டவை.

அதே இயலில் இன்னோர் ஆய்வும் வருகிறது. டிலோச் குழுவினர் 2010இல் வெளியிட்டது. சொற்கள் கற்பிப்பதாக விற்கப்பட்ட குறுந்தகடு ஒன்றை ஒன்று முதல் ஒன்றரை வயதுக் குழந்தைகள் நான்கு வாரம் வீட்டில் பார்த்தனர். எதையும் பார்க்காத குழந்தைகளைவிட அவர்கள் கூடுதலாகக் கற்றுவிடவில்லை. குறுந்தகடே இல்லாமல், போகிற போக்கில் பெற்றோர் சொல்லிக்கொடுத்த குழந்தைகள்தாம் மிகுதியாகக் கற்றனர். குறுந்தகட்டை விரும்பிய பெற்றோரோ, தம் குழந்தை அதிலிருந்து நிறையக் கற்றதாக நம்பினர். இந்தக் கடைசிச் செய்தியைத் தட்டச்சு செய்த நாள் எனக்கு நினைவிருக்கிறது. குடும்பக் குழுவில் ஆக்டோபஸ் காணொளிக்கு இருபத்தேழு இதயங்கள் விழுந்திருந்தன.

இனி என் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். தேனி மாவட்டத்தில் மலையடிவாரத்துச் சிற்றூர் ஒன்றில் இருக்கிறார். ஐந்தாம் வகுப்பு படித்தவர். ஊரடங்கு வந்ததால் பேத்தியைப் பார்க்க வர முடியவில்லை; என் தம்பியின் கைப்பேசியில் மாலைதோறும் காணொளி அழைப்பு. முதலில் எனக்கு அது இன்னொரு வேலையாகத்தான் தோன்றியது. மகளும் ஓரிரு நிமிடத்தில் எழுந்து ஓடிவிடுவாள். அம்மா விடவில்லை.

சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு, "அம்மாச்சியக் காணோமே" என்பார். மகள் சிரித்தால்தான் தலைப்பை இறக்குவார், சிரிக்கும்வரை காத்திருப்பார். "ஒஞ் செருப்பு எங்கத்தா? எடுத்தாந்து காட்டு பாப்போம்" என்பார். மகள் ஓடிப்போய் ஒரு செருப்பைக் கொண்டுவந்து கைப்பேசியின்மேல் வைத்து அழுத்துவாள். "ஒண்ணுதான இருக்கு, இன்னொண்ணு எங்க?" மறுபடி ஓட்டம். அவள் எதைக் காட்டினாலும் அதைப் பற்றித்தான் அம்மா பேசுவார். தான் எண்ணி வந்ததைப் பேசமாட்டார். ஒருநாள் கைப்பேசியைத் தொழுவத்துக்கே கொண்டுபோனார். "இந்தா, மாட்டக் கூப்பிடு. நீ கூப்பிட்டாத்தான் திரும்பும்" என்றார். மகள் ஏதோ கத்தினாள். அம்மா அந்தப் பக்கம் வைக்கோலை அசைத்திருக்க வேண்டும், மாடு திரும்பிப் பார்த்தது. மகள் முகத்தில் அப்போது வந்த வியப்பை நான் எந்த நிறப்பாட்டின் முன்னும் கண்டதில்லை.

இரண்டு மூன்று வாரம் கழித்து எங்கள் தெருவில் அதே செவலைப் பசுவைப் பார்த்து அவளாகவே "மாடு, அம்மாச்சி மாடு" என்றாள். ஒரே ஒரு குழந்தை. இதற்கிடையில் வயதும் ஏறியிருக்கிறது. ஒப்பிட வேறு குழு இல்லை. இதை வைத்து எதையும் நிறுவ முடியாது என்பதை இப்பதிவைப் படிக்கும் மாணவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் அன்றிரவு என் ஆய்வுக் கேள்வியை மாற்றி எழுதினேன்.

இரண்டும் திரைதான். கைப்பேசிகூட ஒன்றுதான். சாரா ரோஸ்பெரி, கேத்தி ஹிர்ஷ்-பாசெக், ராபர்ட்டா கோலின்காஃப் மூவரும் 2014இல் இதைச் சோதித்திருந்தார்கள். இரண்டு முதல் இரண்டரை வயதுக் குழந்தைகளுக்குப் புதிய வினைச்சொற்களை மூன்று வழிகளில் கற்பித்தனர்: நேரில், காணொளி அழைப்பில், வேறொரு குழந்தையுடன் நடந்த அழைப்பின் பதிவில். நேரில் கற்றவர்களும் அழைப்பில் கற்றவர்களும் சொற்களைப் பெற்றனர். பதிவைப் பார்த்தவர்கள் பெறவில்லை. பதிவில் உள்ளவரும் கேள்வி கேட்கிறார், இடைவெளி விடுகிறார், புன்னகைக்கிறார். ஆனால் அந்த இடைவெளி வேறொரு குழந்தைக்காக விடப்பட்டது. நான் சிரித்ததால் இவர் சிரித்தார் என்பது அங்கே இல்லை. இதற்கும் எட்டு ஆண்டுகள் முன்னதாக டிராசெத்தும் அவருடைய சகாக்களும் இதையொத்த ஒன்றைக் கண்டிருந்தனர்: திரையில் உள்ளவர் முதலில் ஐந்து நிமிடம் பெயர் சொல்லி அழைத்து உரையாடியிருந்தால், ஒளித்த பொம்மையைப் பற்றி அவர் சொல்வதை இரண்டு வயதுக் குழந்தை நம்பிப் பயன்படுத்துகிறது.

எங்கள் ஊரில் அலைவரிசை நிலையாக இராது. அழைப்பின் நடுவே அம்மாவின் முகம் வாய் திறந்தபடி உறைந்து நிற்கும். மகள் சிறிது நேரம் காத்திருப்பாள். பிறகு கைப்பேசியைத் திருப்பி அதன் பின்புறத்தைப் பார்ப்பாள். நிறப்பாட்டுக் காணொளி நின்றுபோகும்போது ஒருமுறைகூட அவள் பின்புறம் பார்த்ததில்லை, அழுவாள், அவ்வளவே.

இதுவரை எழுதியதைப் படித்தால், அம்மாவின் அறிவால் எல்லாம் சரியாயிற்று என்பதுபோல் தோன்றும். நான் சொல்லத் தயங்கிய பகுதி இனித்தான் வருகிறது.

மகளின் கையில் இருந்த திரையை மட்டுமே நான் கணக்கில் எடுத்திருந்தேன். வீட்டில் இன்னொரு திரையும் இருந்தது, என் மடியில். ஜெசா ரீட், ஹிர்ஷ்-பாசெக், கோலின்காஃப் 2017இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. தாய்மார்கள் தம் இரண்டு வயதுக் குழந்தைக்கு இரண்டு புதுச் சொற்களைக் கற்பிக்க வேண்டும். ஒரு சொல்லைக் கற்பிக்கும்போது நடுவில் கைப்பேசி ஒலிக்கும். தாய் பேசி முடித்துவிட்டுத் தொடர வேண்டும். இரண்டு சொற்களும் ஒரே எண்ணிக்கையில் குழந்தையின் காதில் விழுந்தன. இடையூறில்லாமல் கற்ற சொல்லைக் குழந்தைகள் பெற்றனர். இடையில் அழைப்பு வந்த சொல்லைப் பெறவில்லை. அந்தக் கட்டுரையை நான் படித்துக்கொண்டிருந்த பிற்பகலில் மகள் மூன்று முறை வந்து எதையோ காட்டினாள். மூன்று முறையும் நிமிராமல் "இரு" என்றேன். கடைசியில் அவள் கையில் இருந்தது என்னவென்று எனக்கு இன்றுவரை தெரியாது.

சில நாள் கழித்து அவள் கூடத்தில் விளையாடுவதைக் கதவருகே நின்று பார்த்தேன். சப்பாத்திப் பலகையை மடியில் வைத்து, அதன்மேல் பத்து விரல்களாலும் தட்டிக்கொண்டிருந்தாள். அருகே துணிப்பொம்மை. பொம்மையைப் பார்க்காமலே, இடக்கை விரித்து அதன் முகத்துக்கு நேரே காட்டி, "இரு" என்றாள். மீண்டும் தட்டினாள். மீண்டும் "இரு". குரல் என்னுடையது. புருவத்துச் சுளிப்பு என்னுடையது. திரைவழிக் கற்றலைப் பற்றி நான் எடுத்த நூற்றுக்கணக்கான குறிப்புகளில் இத்தனை பிழையறக் கற்கப்பட்ட வினைச்சொல் வேறொன்று இல்லை. அதை நான் ஆய்வேட்டில் சேர்க்கவில்லை.

அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னேன். "பிள்ள வந்து நிக்கயில அந்தப் பொட்டிய மூடி வையி. படிப்பு எங்கயும் ஓடிப்போகாது" என்றார். படிப்பு ஓடித்தான் போகும், அதற்குத் தேதி இருக்கிறது என்று கோபத்தோடு சொன்னேன். இருவரும் சிறிது நேரம் பேசவில்லை. இருவர் சொன்னதும் உண்மைதான்.

இதனால்தான் திரையே நஞ்சு என்று முழங்கும் உரைகளை என்னால் ஏற்க முடிவதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதல், இரண்டு வயதுக்குக் கீழ் திரையே வேண்டாம் என்றும், இரண்டு முதல் நான்கு வயதுவரை நாளுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம் என்றும் சொல்கிறது. மருத்துவ நோக்கில் அது சரியே. ஆனால் அந்த மீதி நேரத்துக்குக் கை ஒழிந்த ஒரு பெரியவர் வீட்டில் இருப்பார் என்பது சொல்லப்படாத முன்நிபந்தனை. அவர் யார்? அவருக்கு அன்றைய கூலியை யார் தருவார்?

மூன்று வயதைக் கடந்த குழந்தைகள் நல்ல நிகழ்ச்சிகளிலிருந்து கற்கவே செய்கிறார்கள். 1969இல் தொடங்கிய செசமி ஸ்ட்ரீட்டின் பின்னால் ஆய்வாளர் படையே இருந்தது. பொம்மைகளையும் மனிதர்களையும் தனித்தனிக் காட்சிகளில் வைத்தபோது, மனிதர் மட்டும் வரும் தெருக்காட்சிகளில் குழந்தைகளின் கவனம் விலகுவதைச் சோதனை ஒளிபரப்பில் கண்டு, தெருவுக்கே பெரிய பொம்மைகளை இறக்கினார்கள். 1996இல் வந்த புளூஸ் க்ளூஸ் நிகழ்ச்சியில் நடத்துநர் கேள்வி கேட்டுவிட்டுக் குழந்தை விடை சொல்லக் காத்திருப்பார். ஒரே பகுதியை ஐந்து நாள் திரும்ப ஒளிபரப்பினார்கள். எங்கள் நாட்டிலேயே முன்னோடி உண்டு. 1975 ஆகஸ்டு முதல் ஓராண்டு நடந்த செயற்கைக்கோள் கல்வித் தொலைக்காட்சிப் பரிசோதனையில் ஆறு மாநிலங்களின் ஏறத்தாழ 2,400 கிராமங்களுக்கு நிகழ்ச்சிகள் சென்றன. அன்றைய ஆந்திரப் பிரதேசமும் அவற்றுள் ஒன்று. காலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கான நிகழ்ச்சிகள். ஊருக்கு ஒரே பெட்டி. பிள்ளைகள் கூட்டமாய் உட்கார்ந்து பார்த்தனர். இன்று என் மகளின் காதில் பொருத்திய காதொலிப்பானை நினைக்கும்போது அந்தக் கூட்டத்தைப் பற்றிப் பொறாமையாக இருக்கிறது. குல் ஆய்வகத்திலிருந்தே 2018இல் ஒரு முடிவு வந்தது: தொடுதிரைக் காணொளியைத் தனியாகப் பார்த்த குழந்தையைவிட, இன்னொரு குழந்தை அருகிருக்கப் பார்த்த குழந்தை கூடுதலாகக் கற்றதற்கான தடயங்கள் தெரிந்தன.

களப்பணியில் கண்ட ஒரு வீட்டைச் சொல்ல வேண்டும். ஒற்றை அறை. தாய் வீட்டிலேயே தையல் வேலை செய்பவர். ஒரு ரவிக்கைக்கு இவ்வளவு என்று கூலி. இரண்டேகால் வயது மகன் முன்னே எவர்சில்வர் டப்பாவில் சாய்த்து வைத்த கைப்பேசி. நான் வழக்கம்போல் 'கவனிப்பாரற்ற பார்வை' என்னும் கட்டத்தில் குறியிட்டேன். பத்து நிமிடம் கழித்து அதை அடித்தேன். அந்தப் பெண் தையலிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. ஆனால் காணொளி கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் தையல் எந்திர ஓசைக்கு மேலாக உரத்து விடை சொன்னார், வேண்டுமென்றே தப்பாக. யானை எப்படிக் கத்தும் என்று காணொளி கேட்டால், தெலுங்கில் "பூனைபோல மியாவ் என்று" என்பார். பையன் திரையை விட்டுத் திரும்பி, இல்லை என்று அலறுவான். அந்தக் கைப்பேசியை அவர் தம் பக்கம் இழுத்துக்கொண்டார் என்றுதான் சொல்ல வேண்டும். அவருக்கும் காலக்கெடு இருந்தது, மாலைக்குள் ஆறு ரவிக்கை. என் வீட்டிலிருந்து அந்த அறைவரை பேருந்தில் ஒன்றரை மணி நேரம்; திரும்பும்போது நான் எதுவும் எழுதவில்லை.

அதற்குப் பிறகு நானும் அவரைப் பின்பற்றிப் பார்த்தேன். சமையலறையிலிருந்தே நிறப்பாட்டுக்குத் தப்பான விடைகளைக் கத்தினேன். மகள் முதல் வாரம் என்னைக் கவனிக்கவே இல்லை. பிறகு ஒருநாள் ஓடிவந்து என் முழங்காலைத் தட்டி, "அம்மா தப்பு" என்றாள். அதுவரை அவள் பேசிய தமிழ்ச் சொற்றொடர்கள் பெரும்பாலும் அம்மாச்சிக்கு உரியவை. எனக்கென்று வந்தவற்றுள் முதன்மையானது இதுதான். மூன்று மணி நேரம் உடனே குறைந்துவிடவில்லை. காப்பகம் திறந்த பிறகே குறைந்தது. ஐந்தாம் இயலை முடிக்கும்போது மறுபடி ஏறியது.

இப்போது அவள் பள்ளிக்குப் போகிறாள். தெலுங்கு, இந்தி, ஆங்கிலம் மூன்றும் தெருவிலும் வகுப்பிலும் வந்துவிட்டன. தமிழ் மாலை அழைப்பில் வாழ்கிறது. நான் வேலையாக இருக்கும்போது இன்றும் அவள் அறை வாசலில் நின்று, "இருக்கவா, வரவா?" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே வருகிறாள். பார்ப்பவர்கள் ஒழுக்கமான பிள்ளை என்கிறார்கள். எனக்கு அந்தச் சப்பாத்திப் பலகை நினைவுக்கு வருகிறது.

திருத்தங்களுக்கு முப்பது நாள் கொடுத்திருக்கிறார்கள். பெரும்பாலும் அட்டவணை எண்களும் எழுத்துப் பிழைகளும்தாம். நன்றியுரையில், "என் ஆய்வுக் காலத்தில் துணைநின்ற தாயாருக்கு" என்று ஒரு வரி இருக்கிறது. அதை எடுத்துவிட்டு, எந்த மாலையில் எந்தத் தொழுவத்தில் என் ஆய்வுக் கேள்வி மாறியது என்று எழுதப்போகிறேன். புறத்தேர்வாளருக்கும் அவர் கேட்ட எண்ணிக்கையைத் தனியே எழுதி அனுப்ப வேண்டும். நாளொன்றுக்கு மூன்று மணி நேரம், ஏறத்தாழ பதினான்கு மாதங்கள். என் மடிக்கணினியின் நேரம் அதில் சேரவில்லை.